பழைய மஸ்டாங் வாங்கப் போகிறீர்களா? முதலில் பதினொரு எழுத்தைப் படியுங்கள்

போன கோடையில் சான் ஹோசேயில் இருக்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, ஃபோர்டு கம்பெனியின் 1965 மஸ்டாங் கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஜிடி, கே இன்ஜின், ரத்தச் சிவப்பு. விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் விட மனசு வரவில்லை. ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்றார். நான் கேட்டது ஒன்றுதான்: "வண்டி எண்ணில் ஐந்தாவது எழுத்து என்ன?" அவருக்குத் தெரியவில்லை. விற்பவரிடம் கேட்டால், அவரும் "தெரியாது, ஆனால் ஜிடிதான்" என்றாராம். ஜிடி என்பது சக்தி அதிகமான இன்ஜின் வாங்கியவருக்கு மட்டும் கிடைத்த கூடுதல் தொகுப்பு. கே என்பது அந்த இன்ஜின்களிலேயே உச்சமானதன் குறி.

முதல் முறையாகப் பழைய கார் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1965, 1966 மஸ்டாங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் நம்மவர்கள் அதிகம் ஆசைப்படுவது அதற்குத்தான். 1965 மாடலில் மட்டும் ஏறக்குறைய 6.8 லட்சம் வண்டிகள் செய்தார்கள் என்பதால் இன்றும் சந்தைக்கு நிறைய வருகிறது. கூடவே போலி ஜிடிகளும் வருகின்றன.

முதலில் ஒரு விஷயம். இப்போதைய கார்களின் 17 எழுத்து வின் எண் (வண்டிக்கு வண்டி வேறுபடும் அடையாள எண்) 1981 மாடலில் இருந்துதான் எல்லோருக்கும் பொதுவானது. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி எண் போட்டது. அதனால் பழைய மஸ்டாங்கின் பதினொரு எழுத்து எண்ணை இணையத்தில் வின் சோதிக்கும் பெட்டியில் போட்டால் "தவறான எண்" என்றுதான் வரும். பயப்பட வேண்டாம். அதைக் கையால்தான் படிக்க வேண்டும், பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

எழுத்துகளைத் தமிழில் சொல்லும்போது ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில வரிசையில் நான்காவது எழுத்தும் இருபதாவது எழுத்தும் நமக்கு 'டி' தான். பள்ளியில் படித்த மாதிரியே நான்காவதை டாக்-டி என்றும் இருபதாவதை டைகர்-டி என்றும் எழுதுகிறேன். இந்த இரண்டையும் மாற்றிப் படித்தால் வி8 என்ற எட்டு சிலிண்டர் இன்ஜின் ஆறு சிலிண்டராகிவிடும்.

எண் எங்கே இருக்கிறது

பானெட்டைத் திறங்கள். ஓட்டுநர் பக்க ஃபெண்டரின் (முன்சக்கரத்துக்கு மேல் இருக்கும் வெளித் தகடு) மேல் விளிம்பில் ஓர் இடத்தில் தகட்டை வெட்டி இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் தெரியும் உள் தகட்டில் நேரடியாக எண் குத்தப்பட்டிருக்கும். இதுதான் வண்டியின் உண்மையான எண். ஒட்டியதோ ஆணி அடித்ததோ அல்ல, உடலின் இரும்பிலேயே இருக்கிறது. ஃபெண்டரைக் கழற்றினால் அதற்கு அடியில் இரண்டு பக்கமும் மறைவாக இதே எண்ணை இன்னும் குத்தியிருப்பார்கள். முன்பக்கம் மோதி ரிப்பேர் செய்த வண்டியில் அந்த மறைவு எண்கள்தான் கைகொடுக்கும்.

சில பேர் முன்கண்ணாடி வழியாக டேஷ்போர்டில் தேடுவார்கள். 1965, 1966 வண்டிகளில் அங்கே எதுவும் கிடையாது. மஸ்டாங்கில் அந்தப் பழக்கம் 1968 மாடலில்தான் வந்தது.

ஐம்பது அறுபது வருட எண்ணெய், துரு, பெயின்ட் எல்லாம் எண்ணின் மேல் படிந்திருக்கும். கம்பி பிரஷ், உப்புத்தாள் இரண்டையும் தொடாதீர்கள். எண்ணின் ஓரம் தேய்ந்துவிட்டால் பிறகு உங்கள் மேல்தான் சந்தேகம் வரும். பழைய துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்து மெதுவாகத் துடையுங்கள், டூத் பிரஷ்ஷால் குழிகளைச் சுத்தம் செய்யுங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குழிகளில் நிழல் விழுந்து எழுத்து தெளிவாகத் தெரியும்.

அப்படியும் தெரியவில்லையா? நம் ஊரில் வண்டியைப் பதிவு செய்ய ஃபார்ம் 20-இல் சேஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்போமே, அதேதான். மெல்லிய வெள்ளைத்தாளை எண்ணின் மேல் இறுக்கிப் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். அந்த சிவப்பு வண்டியிலும் இதைத்தான் செய்தோம். தம்பி தாளைப் பிடித்துக்கொள்ள, நான் தேய்த்தேன். முதலில் 5 வந்தது, பிறகு ஆர், 0, 7. அடுத்த எழுத்து வளைவாக எழுந்தது. "அண்ணே, சி-யா, ஜி-யா?" என்றார் தம்பி. இந்த இடத்தில் ஜி வரவே வராது. சி தான்.

பதினொன்றையும் பிரித்துப் படிப்பது

பழகிப் பார்க்க மஸ்டாங்குகளிலேயே பெயர்பெற்ற எண்ணை எடுப்போம்: 5 - எஃப் - 08 - எஃப் - 100001.

முதல் இலக்கம் மாடல் ஆண்டு. 5 என்றால் 1965, 6 என்றால் 1966. மஸ்டாங் உற்பத்தி 1964 மார்ச் 9 அன்று தொடங்கியது, ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. ஆனால் அந்த முதல் வண்டிகளுக்கும் 5 தான். 4-இல் தொடங்கும் மஸ்டாங் எண் கிடையாது. '1964½' என்பது ரசிகர்கள் வைத்த பெயர்.

இரண்டாவது எழுத்து ஆலை. எஃப் என்றால் மிச்சிகனில் இருக்கும் டியர்பார்ன். ஆர் என்றால் கலிபோர்னியாவின் சான் ஹோசே. டைகர்-டி என்றால் நியூஜெர்சியின் மெட்டச்சன். இதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. சான் ஹோசே ஆலை என்று சொன்னாலும் அது இருந்தது மில்பிட்டாஸில். 1983-இல் மூடிய அந்தக் கட்டடம்தான் 1994-இல் கிரேட் மால் ஆனது. வார இறுதியில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நம்மில் எத்தனையோ பேர் நடக்கும் அந்தத் தரையில்தான் ஆர் வண்டிகள் உருண்டு வந்தன. மெட்டச்சன் ஆலையும் உண்மையில் எடிசன் ஊரில்தான் இருந்தது. எடிசனில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமா என்ன?

அடுத்த இரண்டு இலக்கம் உடல் வடிவம். 07 ஹார்டாப் (நிலையான கூரை), 08 கன்வர்ட்டிபிள் (மடக்கும் கூரை), 09 ஃபாஸ்ட்பேக் (பின்பக்கம் வரை சரிந்து போகும் கூரை).

ஐந்தாவது எழுத்து இன்ஜின். பணமெல்லாம் இந்த எழுத்தில்தான் இருக்கிறது, அதனால் இதற்குத் தனியாக வருகிறேன்.

மீதி ஆறு இலக்கம் வரிசை எண். ஒவ்வொரு ஆலையிலும் 100001-இல் தொடங்கும்.

இப்போது அந்த எண்ணைப் படியுங்கள். 1965 மாடல், டியர்பார்ன், கன்வர்ட்டிபிள், 260 கன அங்குல வி8, வரிசையில் முதல் எண். வெள்ளை நிறம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு விற்பனையகம் இதைக் காட்சிக்கு மட்டும் வைக்காமல், அறிமுக நாளுக்கு முன்பே ஸ்டான்லி டக்கர் என்ற விமானிக்கு விற்றுவிட்டது. பிறகு ஃபோர்டு அவருக்கு ஒரு புது மஸ்டாங்கைக் கொடுத்து இதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இப்போது டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே போனால் அந்த எண் உங்களுக்கு வாசிக்கத் தெரிந்த எண்ணாக இருக்கும்.

ஐந்தாவது எழுத்து

1964 மார்ச் முதல் அந்தக் கோடை வரை செய்த வண்டிகளில் நான்கு எழுத்துகள் வரும். யூ என்றால் 170 கன அங்குல ஆறு சிலிண்டர், 101 குதிரைத்திறன். எஃப் என்றால் 260 வி8. டாக்-டி என்றால் நான்கு பேரல் (காற்று போகும் குழாய்) கொண்ட கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவி வைத்த 289 வி8, 210 குதிரைத்திறன். ஜூன் மாதத்தில் கே சேர்ந்தது.

1964 ஆகஸ்ட்டுக்குப் பிறகும், 1966 முழுவதும்: டைகர்-டி என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். சி என்றால் இரண்டு பேரல் 289, 200 குதிரைத்திறன். ஏ என்றால் நான்கு பேரல் 289, 225 குதிரைத்திறன். கே என்றால் அதே 289-இன் உச்ச வடிவம், 271 குதிரைத்திறன்.

யூ, எஃப், டாக்-டி மூன்றில் ஒன்று இருந்தால் கையில் இருப்பது '1964½'. அது சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் வைத்த காலம். டேஷ்போர்டு எச்சரிக்கை விளக்கிலும் 'ஜென்' என்று எழுதியிருக்கும். அதற்குப் பிறகு வந்தவற்றில் ஆல்டர்னேட்டர். இந்த மூன்று எழுத்தில் ஒன்றும் மெட்டச்சனின் டைகர்-டியும் ஒரே எண்ணில் வந்தால் அது சரியான எண் அல்ல, ஏனென்றால் மெட்டச்சனில் மஸ்டாங் 1965 தொடக்கத்தில்தான் ஆரம்பித்தது. அதே மாதிரி 09-உடனும் இவை சேராது. ஃபாஸ்ட்பேக் வந்ததே 1964 கோடைக்குப் பிறகு.

அப்புறம் ஜிடி. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஜிடி என்ற சொல்லுக்கு வின் எண்ணில் இடமே கிடையாது. அது 1965 ஏப்ரலில் வந்த ஒரு கூடுதல் தொகுப்பு. ஏ அல்லது கே இன்ஜின் வாங்கியவருக்கு மட்டும் கிடைத்தது. முன்சக்கர டிஸ்க் பிரேக், இரட்டை சைலன்சர், கிரில்லில் மூடுபனி விளக்கு, கதவுக்குக் கீழே கோடு எல்லாம் அதில் வரும். ஏ அல்லது கே இருப்பதால் மட்டும் வண்டி ஜிடி ஆகிவிடாது. ஆனால் சி அல்லது டைகர்-டி இருந்தால் அது நிச்சயமாக ஆலை ஜிடி அல்ல. கோடும் விளக்கும் இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும், ஒரு சனி, ஞாயிறில் மாட்டிவிடலாம்.

அந்த சிவப்பு வண்டியில் வந்தது சி அல்லவா, தம்பியின் முகம் அங்கேயே மாறியது. விற்பவர் "யாரோ முன்னால் வைத்திருந்தவர் சொன்னதுதான்" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கை மாறக் கை மாறக் கதை வளர்கிறது. எண் வளர்வதில்லை.

கே பற்றி இன்னும் கொஞ்சம். 1965-இல் கே இன்ஜினுக்கு நான்கு வேக மேனுவல் கியர் மட்டும்தான். ஆட்டோமேட்டிக் 1966-இல்தான் வந்தது. ஆலையில் ஏசி போட்ட கே வண்டி கிடையாது. பந்தய வீரராக இருந்து கார் தயாரிப்பாளரான கரோல் ஷெல்பி, மஸ்டாங்கை மாற்றிச் செய்த 1965 ஜிடி350 வண்டிகள் எல்லாம் சான் ஹோசேயில் பிறந்த கே ஃபாஸ்ட்பேக்குகள். அவற்றின் ஃபோர்டு எண் 5 - ஆர் - 09 - கே என்றுதான் தொடங்கும். ஷெல்பி தன் சொந்த எண் கொண்ட தகட்டை அதன் மேல் வைத்தார். யாராவது ஹார்டாப் ஒன்றைக் காட்டி 1965 ஜிடி350 என்றால், வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கதவுத் தகடு

ஓட்டுநர் கதவைத் திறந்தால், பூட்டுக்குக் கீழே கதவின் விளிம்பில் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று ஆணி அடித்திருக்கும். இதில் வின் எண்ணும், அதற்கு மேல் வேறு குறிகளும் இருக்கும். உடல், நிறம், உள் அலங்காரம், தேதி, விற்பனை மாவட்டம், ஆக்ஸில், கியர் பெட்டி என்ற வரிசை.

எங்கள் சிவப்பு வண்டியின் தகடு இப்படி இருந்தது: 65ஏ - ஜே - 26 - 15ஜே - 71 - 1 - 6.

65ஏ என்றால் சாதாரண உள் அலங்காரம் கொண்ட ஹார்டாப். 76 என்றால் கன்வர்ட்டிபிள், 63 என்றால் ஃபாஸ்ட்பேக். எண்ணுக்குப் பின் 'பி' இருந்தால் உயர்ரக உள் அலங்காரம், சீட் முதுகில் ஓடும் குதிரைகள் இருக்கும். நிறத்தில் ஜே என்றால் 1965-இல் ரங்கூன் சிவப்பு. எம் விம்பிள்டன் வெள்ளை, ஏ ரேவன் கருப்பு. நிறக் குறிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்த ஆண்டின் பட்டியலோடுதான் ஒப்பிட வேண்டும். 26 கருப்பு வினைல். 71 லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம். ஆக்ஸில் 1 என்றால் 3.00 விகிதம். இந்த இடத்தில் இலக்கத்துக்குப் பதில் எழுத்து இருந்தால் லிமிடெட் ஸ்லிப் வகை, அதாவது ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுப்பது. கடைசி 6 ஆட்டோமேட்டிக். 1 மூன்று வேக மேனுவல், 5 நான்கு வேக மேனுவல்.

தேதிக் குறியில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். 15ஜே என்றால் பதினைந்தாம் தேதி, மாதம் செப்டம்பர். ஜனவரிக்கு ஏ என்று தொடங்கி வரிசையாகப் போகும், ஆனால் ஐ மட்டும் கிடையாது. 1 போலத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். அதனால் ஆகஸ்ட் ஹெச், செப்டம்பர் ஜே, டிசம்பர் எம். ஒரு மாடலின் உற்பத்தி பன்னிரண்டு மாதத்தைத் தாண்டி அதே மாதம் இரண்டாவது முறை வந்தால், அதற்கு என் முதல் இசட் வரை வேறு வரிசை. 1965 மாடல் 1964 மார்ச்சில் தொடங்கியதால், 1965-இன் மார்ச்சுக்குப் பிறகு இந்த இரண்டாவது வரிசையைப் பார்க்கலாம்.

அப்படியானால் அந்த வண்டி 1964 செப்டம்பர் 15-க்குத் திட்டமிட்டது. ஜிடி தொகுப்பு பிறக்கவே இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஐந்தாவது எழுத்து சொன்னதைத் தேதியும் சொல்லிவிட்டது.

ஆனால் கதவுத் தகட்டை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். கதவை இன்னொரு வண்டியில் இருந்து கழற்றி மாட்டியிருக்கலாம். தகட்டையே புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். துரு பிடித்துப் போனதற்குப் பதிலாக மாட்ட அது வசதிதான், ஆனால் கேட்கிற எழுத்தையெல்லாம் போட்டும் தருவார்கள். வண்டி முழுக்கப் பழசாக இருக்க, தகடு மட்டும் பளபளக்கிறதா, ஆணியைச் சுற்றிப் பெயின்ட் கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள். தகட்டில் உள்ள வின் எண் ஃபெண்டர் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஃபெண்டர் சொல்வதுதான் வண்டி.

இன்ஜினில் உள்ள எண்கள்

விளம்பரங்களில் "எல்லா எண்ணும் ஒத்துப்போகிறது" என்று அடிக்கடி பார்ப்பீர்கள். 1965, 1966 மஸ்டாங்கில் இன்ஜின் பிளாக்கில் (இன்ஜினின் முக்கிய இரும்பு உடல்) வின் எண் குத்தியது கே வண்டிகளுக்கு மட்டும். யூ, எஃப், சி, ஏ எதற்கும் கிடையாது. அதனால் சி வண்டியை அப்படி விற்கிறவரிடம் "எந்த எண், எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். கே வண்டி என்றால் பிளாக்கில் எண்ணைப் பார்க்காமல் கே விலை கொடுக்காதீர்கள்.

மற்ற வண்டிகளுக்குத் தேதிதான் வழி. பிளாக்கில் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றித் துடைத்தால், இரும்பை உருக்கி வார்க்கும்போதே பதிந்த வார்ப்பு எண்ணும் தேதியும் மேலெழுந்து தெரியும். வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்ப்பது நல்லது, ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். இங்கே தேதியின் வரிசை தகட்டுக்குத் தலைகீழ்: ஆண்டு, மாதம், நாள். எங்கள் வண்டியில் 4ஜே2 என்று இருந்தது, அதாவது 1964 செப்டம்பர் 2. வண்டிக்கு 13 நாள் முன்னால் வார்த்த பிளாக், அழகாகப் பொருந்துகிறது. சில நாள் முதல் சில வாரம் வரை முன்னால் இருக்கலாம். வண்டி பிறந்த பிறகு வார்த்த பிளாக் என்றால் அது பிறகு மாற்றியது, விற்பவர் என்ன சொன்னாலும் சரி.

வார்ப்பு எண் சி5ஏஇ என்பது போலத் தொடங்கும். முதல் சி 1960-கள், 5 என்றால் 1965, மூன்றாவது எழுத்து எந்தக் கார் வகைக்காக வரைந்த பாகம் என்பது, இ என்றால் இன்ஜின் பிரிவு. மூன்றாவது எழுத்து ஏ என்றால் பெரிய ஃபோர்டு கார்கள், மஸ்டாங்குக்கு இசட். ஏ-யைப் பார்த்து "வேறு காரின் இன்ஜின்" என்று பதறாதீர்கள், ஃபோர்டு ஒரே பிளாக்கைப் பல கார்களுக்குப் போட்டது. முதல் எழுத்து டாக்-டி என்றால்தான் யோசிக்க வேண்டும், அது 1970-களின் பாகம்.

பணம் கொடுக்கும் முன்

1967 மாடல் அல்லது அதற்குப் பிந்தைய ஃபோர்டு வண்டி என்றால் கெவின் மார்ட்டியின் நிறுவனம் ஆலைப் பதிவேட்டில் இருந்து அறிக்கை தருகிறது. 1965, 1966-க்கு அந்த வசதி இல்லை. ஃபெண்டர், தகடு, வார்ப்புத் தேதி மூன்றும்தான் சாட்சி. மூன்றையும் போட்டோ எடுத்து, ஒரே தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். எங்கே முரண்படுகிறது என்று அப்போதுதான் கண்ணில் படும்.

பிறகு டைட்டில் என்ற உரிமைப் பத்திரம். அதில் உள்ள எண்ணை விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். 5-க்கும் எஸ்ஸுக்கும், 0-க்கும் ஓ-வுக்கும் டைப் அடித்தவர் குழம்பியிருப்பார். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் வெளி மாநில வண்டியைக் கலிபோர்னியாவில் பதிவு செய்யும்போது ஃபெண்டர் எண்ணை நேரில் பார்த்துத்தான் சரிபார்ப்பார்கள், அங்கே நின்றுவிடும். ஃபெண்டர் உள் தகடே மாற்றப்பட்டு எண் இல்லாமல் இருந்தாலோ, எண்ணைச் சுற்றி வெல்டிங் தழும்பு தெரிந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். வின் எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் அமெரிக்காவில் கூட்டாட்சிக் குற்றம். திருட்டு வண்டி என்று பிறகு தெரிந்தால் வண்டியும் போகும், பணமும் போகும்.

தம்பி அந்த வண்டியை விடவில்லை. பென்சில் பிரிண்ட் எடுத்த தாளை விற்பவரிடம் காட்டி, நல்ல சி ஹார்டாப்புக்கு என்ன விலையோ அதைச் சொன்னார். விற்பவர் ஒரு வாரம் யோசித்து ஒத்துக்கொண்டார். டைட்டிலில் முதல் இலக்கம் 5-க்குப் பதில் எஸ் என்று இருந்ததைக் கண்டுபிடித்ததும் தம்பிதான். விற்பவரையே அலுவலகத்துக்குப் போய்த் திருத்தி வாங்கி வரச் சொல்லி, திருத்திய பத்திரம் கைக்கு வந்த பிறகுதான் காசோலையைக் கொடுத்தார்.